எட்டாவது போல்ட்டு

கல்லாமுனை ஊர் திரும்பியது ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்றுப் பின்னால், அபுதாகிரின் பட்டறையில் செல்வராக்கினியின் குட்டியானை வண்டியின் பழைய ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது. பாதி ஊர் உண்ட மயக்கத்தில் பாயில் கிடந்தது, மீதி ஊர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது. மாதா கோயில் மணிக்கூண்டின் நிழல் மட்டும் தெருவைக் கடந்து, எதிர்ச்சுவரில் ஏறி, ஒரு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் போனது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலைகள் இடம்மாறி நிழலுக்குள் போனதை உள்ளே இருந்தவர்கள் கவனிக்கவில்லை.

செல்வராக்கினி மீன் ஏற்றுகிறவள். கரையில் ஏலம் முடிந்ததும் பெட்டி பெட்டியாக ஐஸில் அடுக்கி, தானே ஓட்டிக்கொண்டு டவுன் மார்க்கெட்டுக்குப் போவாள். ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் பலகை இடுக்கு வழியாக வருஷக்கணக்காகச் சொட்டிச் சொட்டி, வண்டியின் அடிவயிறு முழுக்கத் துரு ஏறிப்போயிருந்தது. அந்த வண்டி வருகிறது என்றால் ஒரு பாத்திரக்கடை ஓடி வருகிற சத்தம் முதலில் வரும். முன்சீட்டில் அவளோடு ஏறிப் போனவர்கள் இறங்கியதும் நாக்கால் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வார்கள், எல்லாம் இருக்கிறதா என்று. மீன் எதுவும் சொல்லாது என்பதால் அவளும் ஷாக் அப்சார்பரை மாற்றாமலே காலத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் புருஷன் கஸ்பார் வள்ளத்திலிருந்து ஐஸ் பெட்டியோடு சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்ட பிறகுதான் அந்த நினைப்பே வந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆப்பரேஷன் முடித்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்த டாக்டர், "சனிக்கிழமை கூட்டிட்டுப் போகலாம். ஆனா படுக்கவச்சுத்தான் கொண்டுபோகணும். வண்டி குலுங்கவே கூடாது" என்றார். பிறகு அவளை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, இனி அவர் கடலுக்குப் போகிற பேச்சே வேண்டாம் என்றும் சொன்னார். முதலில் சொன்னதை மட்டும் அவள் கஸ்பாரிடம் சொன்னாள்.

"ஆம்புலன்ஸ் சொல்லிரட்டுமா?"

"ஏ ராக்கினி, உனக்கென்ன கிறுக்கா? நம்ம ஊருக்கு ஆம்புலன்ஸ்ல இதுவரைக்கும் உயிரோட வந்தவன் யாரு? அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே என் தங்கச்சி மண்ணை வாரித் தலையில போட்டுருவா. நான் உள்ளேருந்து கையை ஆட்டினாக்கூட அழுகையை நிறுத்த மாட்டா. நம்ம வண்டியக் கொண்டா."

"நம்ம வண்டியில வந்தா வச்ச கம்பி வாய் வழியா வந்துரும்."

"அப்ப வண்டியச் சரிபண்ணிட்டு வா."

அப்படித்தான் புது ஷாக் அப்சார்பர்கள் நாலையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் அபுதாகிரிடம் வந்தாள். ஊரின் நட்டநடுவில், பூவரச மரத்தடியில் இருந்தது பட்டறை. அபுதாகிர் போல்ட்டுகளை மனுஷர்களாகவே நடத்துகிறவர். ஷாக் அப்சார்பர் ஒன்றுக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று மொத்தம் எட்டு போல்ட்டு. எட்டும் எட்டுக் குணம். ஒன்று டீசலை ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டதும் மனசு இளகி வந்தது. ஒன்றைச் சுத்தியலால் செல்லமாகத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது. ஒன்று நெருப்பைக் காட்டியதும் பயந்து வந்தது. ஒன்றை, கழற்றுகிற எண்ணமே இல்லாததுபோல முதலில் கொஞ்சம் இறுக்கி, அது அசந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் திருப்பி ஏமாற்றினார். ஒன்று தலையை முறித்துக்கொண்டு நின்றது; அதன் நடுவில் டிரில் போட்டுத் துளைத்துத் தூளாகவே வெளியே எடுத்தார். இப்படி ஏழு வந்துவிட்டன.

எட்டாவது, பின்பக்கத்து வலது மேல் போல்ட்டு. பலகையைக் கழற்றிவிட்டு மேலேயிருந்து பார்த்தால், நெட்டுக்குத்தலாக, ஒரு கறுத்த காளான் மாதிரி நின்றது. அது டீசலைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. நெருப்புக்குச் சிவந்து, ஆறியதும் பழையபடி கறுத்தது. கடைசியில் அதன் தலையும் முறிந்து கையோடு வந்தது. அபுதாகிர் சளைக்கவில்லை. மொட்டையாக நின்ற தண்டின் உச்சியில் ஒரு புது நட்டை வைத்து வெல்டிங் பற்றவைத்து, அது ஆறுகிற வரைக்கும் ஒரு டீ குடித்துவிட்டு, அதில் ஸ்பானரை மாட்டி, ஸ்பானரின் வாலில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, "பிஸ்மில்லா" என்று நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார். செல்வராக்கினி மறுபக்கம் நின்று இழுத்தாள்.

குழாய் வெண்ணெயில் போவதுபோல நகர்ந்தது.

"வருது தங்கச்சி, வருது! விடாத!"

அவர்கள் விடவில்லை. மறுபடி மறுபடி ஸ்பானரை மாற்றி மாட்டித் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தெருவுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த வேலம்மா, கையில் வடிகட்டியோடு ஓடி வந்து குழாயைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாய், போதும், நிறுத்துங்க. கடை இப்பச் சரியா இருக்கு."

அபுதாகிர் நிமிர்ந்து பார்த்தார். மேற்கைப் பார்த்து நின்று, பிற்பகல் வெயில் முழுவதையும் முகத்தில் வாங்கி, பாலைத் தானாகவே சுடவைத்துக்கொண்டிருந்த அந்த டீக்கடை இப்போது தெற்கைப் பார்த்து, இதமான காற்றில் தகரக்கூரை கிணுகிணுக்க நின்றது. குனிந்து பார்த்தார். போல்ட்டு ஒரு மயிரிழைகூட அசையவில்லை. போல்ட்டு வண்டியோடு இறுகியிருந்தது. வண்டி பட்டறையில் நின்று நின்று தரையோடு இறுகியிருந்தது. தரை தெருவோடும், தெரு வீடுகளோடும், வீடுகள் கோயிலோடும் பள்ளிவாசலோடும், எல்லாம் ஒன்றோடொன்று அத்தனை காலமாக இறுகிக் கிடந்ததால், ஸ்பானரைத் திருப்பியதும் எல்லாம் சேர்ந்தே திரும்பிவிட்டன. கடற்கரை மணல் மட்டும் திரும்பவில்லை. மணல் எதோடும் ஒட்டுகிற ஜாதி இல்லை.

"அதானே பாத்தேன், இவ்வளவு லேசா வருதேன்னு" என்றார் அபுதாகிர்.

அடுத்து வந்தவர் ரொட்ரிகோ. பஞ்சாயத்துத் தலைவர், கடலைப் பார்த்த முன்தெருவில் கடைசியாக நின்ற மாடிவீட்டுக்காரர். சாப்பிட்டுவிட்டு மாடியில் சாய்வுநாற்காலியில் கடலைப் பார்த்தபடி கண்ணயர்ந்தவர், மூக்கில் ஏதோ ஏறவும் விழித்துப் பார்த்தால், எதிரே கருவாட்டுக் களம். நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏய் அபுதாகிரு, என் கடலை எங்க கொண்டு வச்சீரு?"

"கடல் அங்கதான் இருக்கு முதலாளி. வீடுதான் கொஞ்சம் விலகிருச்சு."

"திருப்பும்!"

அபுதாகிர் குழாயை எதிர்ப்பக்கம் தள்ளினார். ஊர் மெல்லத் திரும்பி வந்தது. ரொட்ரிகோவின் மாடிக்குக் கடல் வந்தது. வேலம்மாவின் பாலில் வெயில் விழுந்தது. வேலம்மா வடிகட்டியைத் தரையில் எறிந்துவிட்டு, இத்தனை காலமாகத் தான் வெந்ததை ஒருத்தரும் கேட்கவில்லை, முதலாளிக்கு ஒரு நாள் கருவாட்டு நாத்தம் அடித்ததும் ஊரே திரும்புகிறது என்று தெருவில் நின்று சொன்னாள். அது நியாயமாகப் பட்டதால் அபுதாகிர் மறுபடி அவள் பக்கம் திருப்பினார். ரொட்ரிகோ மாடியேறி உட்காருவதற்குள் கருவாடு வந்துவிட்டது.

இப்படியாக அன்று சாயங்காலத்துக்குள் ஊர் பலமுறை போய் வந்தது. செல்வராக்கினி குழம்பு வைக்கலாம் என்று வீட்டுக்குப் போனாள். பின்தெருவின் கோடியில் தெற்கே முள் மண்டிய உடைமரக் காட்டைப் பார்த்து நின்ற வீடு. உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பியவள், வாசலில் உடைமரத்துக்குப் பதிலாகக் கடல் நிற்பதைக் கண்டாள். ஒரு மறைப்பும் இல்லை. கஸ்பாரின் கட்டிலிலிருந்து பார்த்தாலும் தெரியும் என்று தோன்றியது. கட்டிலில் படுத்துப் பார்த்தாள். தெரிந்தது, வள்ளங்கள் கரையேறுவதும், யாரோ கயிற்றை இழுப்பதும், இழுக்கிறவனின் சட்டை நிறமும்கூடத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வீடு மெல்ல நழுவி மறுபடி உடைமரக் காட்டுக்கு வந்துவிட்டது. அவள் அதற்குப் பிறகும் கட்டிலில் படுத்தபடியே இருந்தாள்.

மறுநாள் கல்லாமுனை தன் புது வாழ்க்கைக்குப் பழகிவிட்டது. டவுனிலிருந்து வந்த பஸ், ரோடு முடிகிற இடத்தில் கடைத்தெரு இல்லாமல் கோழிக்கடையின் பின்சுவர் இருப்பதைக் கண்டு, ஒரு ஹாரன் அடித்துவிட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக உள்ளே நுழைந்தது. பயணிகளில் ஒருவர், தன் வீட்டு வாசலிலேயே இறங்க முடிந்ததற்காக டிரைவருக்கு நன்றி சொன்னார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் பாய்களைத் திசை பார்த்துச் சாய்த்து விரித்துக்கொண்டார்கள், பாங்கு சொல்கிற மோதினார் மட்டும் பட்டறைக்கு வந்து, "இன்னும் திருப்புவீங்களா, இல்ல விரிச்சுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரிலேயே கௌரவமாக நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான். கோயிலில் பங்குச்சாமியார், ஊரே திரும்புமென்றால் நம் உள்ளங்களும் திரும்பாதா என்று பிரசங்கம் வைத்தார். கேட்டவர்கள் கண்கலங்கி, பிரசங்கம் முடிந்ததும் நேராகப் பட்டறைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். நில அளவைக்காரர் ஒருவர் வந்து பூவரச நிழலில் உட்கார்ந்து டீ குடித்து, வடக்கு வடக்கேதான் இருக்கிறது, ஊர்தான் நகர்ந்திருக்கிறது, ஆகையால் இது தன் வேலையில் வராது என்று சொல்லிப் போனார்.

வரிசையில் நின்றவர்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு திருப்பு தேவைப்பட்டது. ஒருவருக்குத் தன் வீட்டுத் தண்ணீர் அடுத்த வீட்டுப் பக்கம் ஓடவேண்டும். ஒருத்திக்கு மாமியார் படுக்கிற கட்டிலில் விடியற்காலை வெயில் நேராக விழவேண்டும், கண்ணில் விழுந்தால் உத்தமம். புதிதாகக் கல்யாணமான ஒரு பையன் வந்து, எதிர்வீட்டு ஜன்னல் தங்கள் ஜன்னலுக்கு நேராக இல்லாமல் இருந்தால் நல்லது என்று காதோடு சொல்லிவிட்டு ஓடினான். வாஸ்து சரியில்லை என்று சமையலறையை இடிக்க இருந்தவர்கள், ஊரையே திருப்பினால் செலவில்லை என்று வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சரியானது பக்கத்து வீட்டுக்குத் தப்பானது.

அபுதாகிர் மாறிப்போனார். இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எண்ணெய் தேய்த்துத் தலை வாரியிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம், தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி, "பாக்கலாம், பாக்கலாம், செய்வோம்" என்றார். ஒரு வீட்டிலிருந்து நெத்திலி வறுவல் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து அல்வா வந்தது. ஸ்பானரைத் துடைத்து ஒரு மஞ்சள் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் பஞ்சாயத்துக் கூட்டத்தில், போல்ட்டைக் கழற்றிவிட்டால் அதன்பின் ஊரைத் திருப்ப வழியில்லை என்பதால் போல்ட்டைக் கழற்றக் கூடாது என்றும், வண்டியை நகர்த்தக் கூடாது என்றும் ஏகமனதாக முடிவானது. ஊர் ஏகமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான். கேஸ் கட்டரால் போல்ட்டை வெட்டி எடுத்தால் என்ன என்று செல்வராக்கினி எழுந்து கேட்டாள். வெட்டினால் ஊர் அறுந்து கடலில் மிதந்து போய்விடாது என்பதற்கு அவள் உத்தரவாதம் தருவாளா என்று ரொட்ரிகோ கேட்டார். வண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். யாரோ பானட்டில் சந்தனம் வைத்தார்கள். வேறு யாரோ அதன் பக்கத்திலேயே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

செல்வராக்கினி அதை ஊதி அணைத்தாள். "கீழ டீசல் டேங்க் இருக்கு. அறிவிருக்கா? இது என் வண்டியா, உங்க ஊர்த்தேரா?"

அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து கஸ்பார் போன் பண்ணினார்.

"இட்லின்னு ஒண்ணு குடுத்தானுவ ராக்கினி. இடுப்புல இருக்கிறது கம்பியா இந்த இட்லியான்னு தெரியல. சனிக்கிழமை காலைல கட்டிலைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வண்டி ரெடியா?"

"ஒரு போல்ட்டு வரமாட்டேங்குது."

"டீசல் ஊத்தச் சொல்லு."

"ஊத்தியாச்சு."

"தட்டச் சொல்லு."

"தட்டியாச்சு."

"அப்ப நான் வந்து பாத்தாத்தான் சரியாவரும்."

அவர் வருவதற்குத்தான் அது கழலவேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததால் போனை வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அபுதாகிர் அல்வாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பாய், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க மெக்கானிக்கா, மந்திரியா?"

அபுதாகிருக்கு அல்வா நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தார். நெற்றியில் அழுந்த வாரியிருந்த முடியைக் கையால் கலைத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன செய்யச் சொல்லுத தங்கச்சி? கஸ்பாரண்ணன் முகம் எனக்கு நினைப்பில்லையா? ஆனா இது வரமாட்டேங்குதே. ஒரு போல்ட்டு கழலணும்னா அது மாட்டியிருக்கிற சாமான் அசையாம நிக்கணும். நட்டைத் திருப்பும்போது போல்ட்டைப் பிடிக்கிறோம்ல, அது மாதிரி. இங்க வண்டியப் பிடிச்சா தரை சுத்துது, தரையப் பிடிச்சா ஊர் சுத்துது. ஊரை அசையாம பிடிக்க நான் எங்க போவேன்? அவ்வளவு பெரிய ஸ்பானருக்கு?"

செல்வராக்கினி வாசல் பக்கம் திரும்பினாள். பட்டறை வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்தது. முன்னால் நின்றவர் கிழக்கே கேட்டார். அவருக்குப் பின்னால் நின்றவர் மேற்கே கேட்பதற்காக, முன்னால் நின்றவரின் கழுத்தை எரித்துவிடுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

"பாய், ஊரை நான் பிடிக்க ஏற்பாடு பண்ணுதேன்" என்றாள்.

அன்று பிற்பகல் முழுக்க அவள் வீடு வீடாகப் போனாள். ரொட்ரிகோவின் மாடிக்குப் போய், "முதலாளி, நாளைக்குக் காலைல பாய் ஸ்பானர் போடும்போது, நீங்க வீட்டு ஆளுங்களோட நின்னு உங்க சுவரைக் கடல் பக்கமாத் தள்ளுங்க. ஊர் அந்தப் பக்கம் போய் நின்னுரும். யாருட்டயும் மூச்சு விட்டுராதீங்க" என்றாள். டீக்கடைக்குப் போய் வேலம்மாவிடம், "யக்கா, நாளைக்குக் காலைல உங்க கடையத் தெக்கு பாத்துத் தள்ளுங்க. யாருட்டயும் சொல்லாதீங்க" என்றாள். தண்ணீர் ஓடவேண்டியவரிடம் ஒரு பக்கமும், அந்தத் தண்ணீர் ஓடிவரும் வீட்டுக்காரரிடம் அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் சொன்னாள். மருமகளிடம் சொன்னாள், மாமியாரிடமும் சொன்னாள். எல்லாரும் அவளை மெச்சினார்கள். தங்கள் மேல் இவ்வளவு பிரியமுள்ளவள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டார்கள்.

இருட்டுவதற்குமுன் அபுதாகிரிடம் திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் குழாயை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"எல்லாம் சரி. கடைசி நேரத்துல ஊர்ல பாதிப்பேராவது ஒத்துமையாகி ஒரே பக்கமாத் தள்ளிட்டா என்ன செய்ய?"

"பாய், நீங்க இந்த ஊர்லதானே இருக்கீங்க?"

"அதுவும் சரிதான்" என்றார்.

"ஒண்ணு பாக்கி. எல்லாருக்கும் ஒரு திருப்புக் குடுத்தீங்க. வண்டிக்காரிக்கு ஒண்ணும் குடுக்கலையே."

"உனக்கு எங்க வேணும்?"

"முதல்ல ஒரு தரம் திருப்பினோமே, வேலம்மாக்கா வந்து நிறுத்தினாளே, அந்த இடத்துல நிப்பாட்டுங்க. அந்த நேரத்துல எங்க வாசல் கடலைப் பாக்கும்."

அபுதாகிர் அவளைப் பார்த்தார். அவரிடம் அவள் வராந்தாவில் டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இடுப்பில் கம்பி வைத்த மீன்காரன் கதை கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. மஞ்சள் துணியைப் பிரித்து ஸ்பானரை எடுத்து, ஊரைத் தூக்கக்கலக்கத்தில் திரும்பிப் படுக்கிற பிள்ளையைத் திருப்புவதுபோல அவ்வளவு மெதுவாகத் திருப்பி, அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

சனிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பட்டறைப் பக்கம் வழக்கமான கூட்டம் இல்லை. அவரவர் அவரவர் சுவரோரம் நின்றார்கள், பல்குச்சியை மென்றபடி, கோழிக்குத் தீனி போட்டபடி, அங்கே நிற்பதற்கு வேறு காரணம் இருப்பதுபோல. அபுதாகிர் பழைய கிரீஸ் சட்டையில் இருந்தார். குழாயைச் செருகினார். செல்வராக்கினி மறுமுனையைப் பிடித்தாள். "பிஸ்மில்லா" என்றார் அவர். "மாதாவே" என்றாள் அவள். ரெண்டு பேரும் நெஞ்சைக் கொடுத்தார்கள்.

அந்த நிமிஷத்தில் கல்லாமுனை முழுவதும் தள்ளியது. ரொட்ரிகோ மாடிவீட்டு மதிலில் தோளைக் கொடுத்துத் தள்ளினார், அவர் சம்சாரம் அவரைத் தள்ளினாள். வேலம்மா டீக்கடைத் தூணைக் கட்டிக்கொண்டு தெற்கே சாய்ந்தாள். தண்ணீர்க்காரர் மேற்கே தள்ள, அதே சுவரின் அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் கிழக்கே தள்ள, சுவருக்கு நடுவே இருந்த பல்லி மூச்சுமுட்டி வெளியே வந்தது. மருமகள் கட்டிலைத் தள்ளினாள், மாமியார் கட்டிலோடு சேர்த்து மருமகளைத் தள்ளினாள். புது மாப்பிள்ளையும் பெண்ணும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து தள்ளினார்கள். வாஸ்துக்காரர்கள் எட்டுத் திசையிலும் தள்ளினார்கள். பாத்திரங்கள் நடுங்கின, நாய்கள் எந்தப் பக்கம் குரைப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் குரைத்தன, கோயில் மணி தானாக ஒருமுறை அடித்தது. ஊர் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. இத்தனை பேர் இத்தனை பலத்தோடு இத்தனை பக்கம் தள்ளியதில், அடித்து வைத்த ஆப்பு மாதிரி அசையாமல் நின்றது.

அசைய வேறு எதுவும் மிச்சமில்லாததால் போல்ட்டு அசைந்தது.

முதலில் ஒரு கிறீச். அதைக் கேட்டவர்களுக்குப் பல் கூசியது. பிறகு துரு பொலபொலவென்று உதிர்ந்தது. பிறகு ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அபுதாகிர் ஸ்பானரைப் போட்டுவிட்டு விரலாலேயே சுழற்றி எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் அளவுதான் இருந்தது. "இந்தப் பயலா!" என்றார்.

புதியவற்றை மாட்ட அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் கைநிறைய கிரீஸ் தடவி, கரண்டியால் ஊட்டுகிற அக்கறையோடு இறுக்கினார். அவரவர் சுவரில் வேர்த்து விறுவிறுத்து நின்றவர்கள், தங்கள் பக்கம்தான் ஊர் கொஞ்சம் அதிகமாக வந்திருப்பதாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கயிற்றை அறுத்துக்கொண்டு செல்வராக்கினி வண்டியைக் கிளப்பினாள். வண்டி சத்தமில்லாமல் போனதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கஸ்பாரை மெத்தையோடு தூக்கிப் பின்னால் படுக்கவைத்தார்கள். டவுன் எல்லை தாண்டும்வரை அவர் உள்ளேயிருந்து வழி சொன்னார், பிரேக் போடச் சொன்னார், ஹாரன் அடிக்கச் சொன்னார். உப்பளத்து ரோட்டில் பள்ளங்கள் வந்தன. வண்டி அவற்றில் ஒரு வள்ளம் சின்ன அலையில் இறங்கி ஏறுவதுபோல இறங்கி ஏறியது. பின்னால் சத்தத்தைக் காணோம். பயந்துபோய் நிறுத்தி எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நாலு பேர் பிடித்துக் கட்டிலில் கிடத்தியபோதுதான் கண்ணை முழித்தார். கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார்.

"ஏ ராக்கினி. நம்ம வாசல்ல உடைமரம்லா நிக்கும்?"

"ஆமா."

"கடல் நிக்குது?"

"ஆமா. போல்ட்டு ரொம்ப இறுகியிருந்துச்சு."

"ஓ" என்றார் கஸ்பார். தூக்கிவந்தவர்கள் போனபிறகு, கண்ணைக் கடலிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "டாக்டர் எங்கிட்டயும் சொல்லிட்டாரு. நீ அழுவியேன்னுதான் நான் சொல்லல."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் முதுகுக்கு இன்னொரு தலையணை வைத்து, கொஞ்சம் உயர்த்திவிட்டாள்.

ஊர் அந்த நிலையிலேயே நின்றுவிட்டது. மெல்ல அதிலேயே இறுகவும் தொடங்கியது. வேலம்மாவின் கடையில் பிற்பகலில்கூட ஆட்கள் உட்கார்ந்தார்கள். பள்ளிவாசலில் ஒரேயடியாகக் கோடு போட்டுப் பாய்களை விரித்துக்கொண்டார்கள். ரொட்ரிகோ வீட்டில் இப்போது சமையலறை ஜன்னல்தான் கடலைப் பார்த்தது. அவர் சாய்வுநாற்காலியை அங்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு, குழம்பில் எவ்வளவு உப்புப் போடுகிறார்கள் என்பதைத் தன் ஆயுளில் முதன்முறையாகக் கவனிக்க ஆரம்பித்தார். அவர் சம்சாரம் ரெண்டு தரம் பட்டறைக்கு வந்து போனாள்.

ஆனால் கூட்டமாக வந்தவர்கள் மீன்காரர்கள். ஒரு நாள் காலையில் ஈர லுங்கியோடு வந்து அபுதாகிரைச் சுற்றி நின்றார்கள்.

"பாய், அந்தப் பழைய போல்ட்டை மறுபடியும் மாட்ட முடியுமா?"

"எதுக்கு?"

"ஊரை ஒரு பொடியளவு திருப்பினாப் போதும். கஸ்பாரண்ணன் சத்தம் கரைக்கு எட்டாத அளவுக்கு. விடியறதுக்கு முந்தி ஆரம்பிக்காரு. 'எலே, கயிறை அப்படியாடா சுத்துவாக', 'எலே, காத்து எங்க அடிக்கி, நீ எங்கல பாய் விரிக்க'ன்னு கட்டில்ல படுத்துக்கிட்டே ஒவ்வொரு வள்ளமா உசிரை வாங்குதாரு. முன்னால ஒரு வள்ளத்துலதான் இருந்தாரு. இப்ப எல்லா வள்ளத்துலயும் இருக்காரு."

அபுதாகிர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, பழையதன் துரு உதிர்ந்துவிட்டது, இனி எதையும் பிடிக்காது, புது போல்ட்டு சொன்ன பேச்சுக் கேட்கிற போல்ட்டு, அது தான் மட்டும் திரும்புமே தவிர ஊரைத் திருப்பாது என்று விளக்கிச் சொன்னார். அவர்கள் பெருமூச்சு விட்டுக்கொண்டு கரைக்குப் போனார்கள். வள்ளத்தைத் தள்ளும்போது, வடக்கே போகாதீங்கடா, தெற்கே மணல்திட்டுப் பக்கம் வலையை விடுங்கடா என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அந்த மனுஷனுக்கு ஒரு நாளாவது பாடம் கற்பிக்கவேண்டும் என்று அவர்கள் அவர் சொன்ன இடத்திலேயே போய் வலையை விட்டார்கள்.

வலை கொள்ளாமல் மீன் வந்தது. அதை இழுக்கும்போது அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இனி அந்த ஆளை எப்படித் தாங்குவது என்பதுதான் அத்தனை பேருக்கும் கவலையாக இருந்தது.